முன்னுரை முடிவதற்குள் முடிந்த பந்தயம்

எனக்கு எதையும் நேராகச் சொல்ல வராது. "காபி வேணுமா?" என்று யாராவது கேட்டால், காலையில் எழுந்தபோது தலை எப்படி இருந்தது என்பதில் தொடங்கி, வழியில் யார் யார் வீட்டில் காபி குடித்தேன் என்று சொல்லி, கடைசியில் "அதனால வேண்டாம்" என்று முடிப்பதற்குள் கேட்டவர் காபியைப் போட்டு, ஆற்றி, தானே குடித்தும் விடுவார். இது பிறவிக் கோளாறு இல்லை. கோயிலில் ஒட்டிக்கொண்டது.

வெளியாட்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும் (பாருங்கள், ஆரம்பித்துவிட்டேன்). எங்கள் கத்தோலிக்கப் பூசையில் எல்லாவற்றுக்கும் ஒரு முன்னுரை உண்டு. பூசை தொடங்கும் முன் ஒருவர் மைக் முன்னால் வந்து, மக்களைப் பார்த்து நின்று, இன்று என்ன விசேஷம், நாம் ஏன் கூடியிருக்கிறோம் என்று வாசிப்பார். பைபிளிலிருந்து படிக்கும் முதல் வாசகத்துக்கு ஒரு முன்னுரை, இரண்டாம் வாசகத்துக்கு ஒன்று, காணிக்கைக்கு இன்னொன்று. ஆவடி சேக்காட்டில் எங்கள் பங்குக் கோயிலில் பள்ளிக்கூட நாளிலிருந்தே அந்த வேலை என்னுடையது. எழுதுவதும் நான், வாசிப்பதும் நான். "ஸ்டெல்லா, நீ முன்னுரை வாசிச்சு முடிச்சா, பிரசங்கத்துல நான் சொல்றதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்கறதில்லம்மா" என்று எங்கள் சாமியார் (பாதிரியாரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) ஒருமுறை சொன்னார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் இன்னும் ஒரு பக்கம் கூட்டினேன்.

எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்த காலம் அது. போகாத இன்டர்வியூ இல்லை. வேலப்பன்சாவடி பக்கம் ஒரு கல்லூரியில், "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அந்த வருஷம் தொழிலாளர் குடும்பங்களை எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிண்டி ரேஸ் கோர்ஸுக்கு அழைத்துப்போவதாகக் கம்பெனியில் முடிவு செய்தார்கள். (எந்த மகராசன் கொடுத்த யோசனை என்று இன்றுவரை தெரியவில்லை. முந்தைய வருஷம் வண்டலூர் மிருகக்காட்சிசாலைக்குப் போய்க் குரங்கு ஒன்று மேனேஜரின் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டதால், கூண்டுக்குள் இல்லாத மிருகமாகப் பார்த்திருக்கலாம்.) ஏற்பாடெல்லாம் ஒரு ஈவென்ட் கம்பெனி. மைதானத்து ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில்தான் வர்ணனை வரும். நம் ஜனங்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் தேவை என்றார்கள்.

"எம் பொண்ணு இருக்கா" என்றார் அப்பா. கேன்டீனில், மேனேஜருக்கும் கேட்கிற மாதிரி.

ஈவென்ட் கம்பெனியின் பிரவீண் என்ற பையன் போனில் என்னிடம் பேசினான். "மேடம், இத மட்டும் நல்லா பண்ணிட்டீங்கன்னா உங்கள மாசச் சம்பளத்துக்கே எடுத்துக்கறோம். எங்களுக்குத் தமிழ் நல்லாப் பேசற ஆள் இல்ல." அன்றிரவு அம்மா கேசரி செய்தாள். அப்பா மறுநாளே போய் எனக்கு வேலை கிடைத்துவிட்டதாகவே சொல்லிவிட்டார். அதனால் நான் சொதப்பினால் வேலை போவது மட்டுமில்லை, கேன்டீனில் அப்பாவின் தலையும் போகும்.

எனக்குக் குதிரையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதற்கு நான்கு கால் என்பதுதான். ஆனால் வரலாறு தெரியும். நூலகத்தில் போய் உட்கார்ந்து அந்த மைதானத்தின் பூர்வீகத்தைத் தோண்டி எடுத்தேன். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் காலத்தில் கிண்டி ஊருக்கு வெளியே கிடந்தது, வெள்ளைக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பந்தயம் விட்டது, மைசூர்ப் படையோடு சண்டை வந்து நடுவில் நின்றுபோனது, நம் காலத்தில் அரசாங்கம் தடை போட்டு, கோர்ட்டு வரை போய், இது சூதாட்டமில்லை திறமை என்று தீர்ப்பாகித் திரும்ப ஓடியது. படிக்கப் படிக்க எனக்கே புல்லரித்தது. எல்லாவற்றையும் ஒரு முன்னுரையாக எழுதினேன்.

முந்தின நாள் பிரவீண் என்னை மைதானத்துக்கு வரச் சொல்லி இடத்தைக் காட்டினான். குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது.

"குதிரை எங்கேர்ந்து கெளம்பும்?" என்று கேட்டேன்.

"அது தூரத்தப் பொறுத்தது மேடம். ஒவ்வொரு ரேஸுக்கும் குதிரைங்க நிக்கற ஸ்டார்ட்டிங் கேட்டை வேற வேற எடத்துக்கு இழுத்துட்டுப் போவாங்க. முடியற எடம் மட்டும் மாறாது. அதோ, அந்தக் கம்பம்."

நான் தலையாட்டினேன். கிளம்புகிற இடம் மாறாமல் போய்ச்சேரும் இடம் மாறுகிற பஸ்களைத்தான் எனக்கு ஆவடியில் பழக்கம்.

"எந்தப் பக்கமா ஓடும்?"

அவனுக்கு அப்போது போன் வந்தது. ஒரு கையைக் காதில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் முதலில் அந்தப் பக்கமும் பிறகு இந்தப் பக்கமும் வீசிக் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டான். நானும் தாளில் ஒரு நீள்வட்டம் போட்டு, இரண்டு பக்கமும் அம்புக்குறி போட்டுக்கொண்டேன்.

அவன் திரும்பி வந்து இன்னும் சொன்னான். குதிரையின் சேணத்துணியில் இருக்கும் எண் வேறு, அது கேட்டில் நிற்கும் இடத்தின் எண் வேறு. குதிரை ஓட்டும் ஜாக்கியின் சட்டை நிறம் ஜாக்கியுடையது இல்லை, முதலாளியுடையது. ஒரே முதலாளிக்கு இரண்டு குதிரை ஓடினால் சட்டை ஒன்றாக இருக்கும், தொப்பியைப் பார்க்க வேண்டும். வளைவில் உள்வேலியை ஒட்டி ஓடும் குதிரைக்குத் தூரம் குறைவு. ஓரமாக நடப்பட்ட கம்பங்களில் எழுதியிருப்பது எவ்வளவு ஓடியாயிற்று என்பதில்லை, இன்னும் எவ்வளவு பாக்கி என்பது. நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். கேட்க மறந்தது ஒன்றே ஒன்றுதான்: ஒரு பந்தயம் எவ்வளவு நேரம் நடக்கும்? கேட்கவே தோன்றவில்லை. சாதாரண பூசையே ஒரு மணி நேரம். இத்தனை ஆர்ப்பாட்டம் செய்து ஓட்டுகிற பந்தயம் அதற்குக் குறைவாகவா இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை பகல், கம்பெனி பஸ்களில் எல்லாரும் வந்து இறங்கினார்கள். பந்தயம் கட்டக் கூடாது என்பது கம்பெனி உத்தரவு. அதற்குப் பதிலாக வீட்டுக்கு ஒரு டோக்கன் கொடுத்திருந்தார்கள், அதில் ஒரு குதிரையின் எண். ஜெயித்த குதிரையின் டோக்கனோடு முதலில் மைக்குக்கு வருபவருக்கு ஒரு பிரஷர் குக்கர். அந்தக் குக்கர் என் பக்கத்தில் ஒரு மேசையில் ரிப்பன் கட்டி உட்கார்ந்திருந்தது.

முன்வரிசையில் மேனேஜர், பக்கத்தில் இஸ்திரி கலையாத சட்டையில் அப்பா. அப்பாவுக்குப் பின்னால் லோகு மாமா. அவர் மேனாம்பேட்டுக்காரர். ஒருகாலத்தில் அங்கே நிலம் வைத்து ஏர் ஓட்டிய குடும்பம். நிலத்தின் மேல் வீடுகள் முளைத்த பிறகு அப்பாவின் கம்பெனியில் ஃபிட்டர் ஆனவர்.

"இன்னாம்மா ஸ்டெல்லா, குதிர எங்க கீது? வெறும் புல்லுதான் தெரிது" என்றார்.

"வரும் மாமா. முதல்ல முன்னுரை."

மைக் ஸ்டாண்டை யாரோ தப்பாகத் திருப்பி வைத்திருந்தார்கள். ஜனங்கள் எல்லாரும் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க, அது அந்தப் பக்கம் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இதைக்கூடச் சரியாகச் செய்யத் தெரியாத பிள்ளைகள் என்று நினைத்து, நானே அதைத் திருப்பி வைத்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டி, மக்களைப் பார்த்து நின்றேன். தடுத்திருக்கக்கூடிய ஒரே ஆள் பிரவீண். அவன் பிரியாணிப் பொட்டலங்களை இறக்கப் போயிருந்தான்.

"அன்புக்குரியவர்களே!" என்று தொடங்கினேன். "இன்று நாம் கூடியிருக்கும் இந்த இடம் சாதாரண இடமல்ல..."

குரல் கணீரென்று போனது. அப்பா மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார். மேனேஜர் தலையசைத்தார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. கம்பெனிக்காரன் காலத்துக்குள் நுழைந்தேன். அந்த வேகத்தில், வருஷக்கணக்காக வாயில் ஊறிப்போன வார்த்தைகள் தாமாக வெளியே வந்துவிட்டன.

"இப்போது நாம் அனைவரும் எழுந்து நிற்போம்."

கோயிலுக்கு வருகிறவர்கள் யோசிக்காமல் எழுந்தார்கள். அவர்கள் எழுந்ததைப் பார்த்து, தேசிய கீதம் போலிருக்கிறது என்று மற்றவர்களும் எழுந்தார்கள். லோகு மாமா அட்டென்ஷனில் நின்றார். மேல்வரிசைகளில் உட்கார்ந்திருந்த வழக்கமான பந்தய ரசிகர்கள், "யோவ், உக்காருங்கய்யா! மறைக்குது!" என்று கத்தினார்கள். எழுப்பிவிட்டவர்களை எப்படி உட்காரச் சொல்வது என்று யோசித்தேன். முன்னுரை முடியாமல் உட்காரச் சொல்லும் வழக்கம் எங்கள் கோயிலில் இல்லை. தொடர்ந்து வாசித்தேன்.

மைசூர்ப் படை வருகிற கட்டத்துக்கு வந்தபோது கூட்டத்தில் ஒரு சலசலப்பு. மைதானத்து ஒலிபெருக்கியும் ஆங்கிலத்தில் ஏதோ இரைந்தது, நான் குரலை உயர்த்தினேன். சலசலப்பு கூச்சலானது. கைகளை ஆட்டினார்கள், குதித்தார்கள், சிறு பிள்ளைகளைத் தோளில் தூக்கினார்கள். அரங்கம் முழுவதும் ஓவென்று ஒரு ஆரவாரம். என் வாழ்நாளில் என் எழுத்துக்கு அப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததில்லை. மைசூர்ப் படை இத்தனை பேருக்குப் பிடிக்கும் என்று தெரிந்திருந்தால் இன்னும் ஒரு பத்தி எழுதியிருப்பேனே என்று நினைத்துக்கொண்டேன். என் கண்ணில் நீரே வந்துவிட்டது.

ஆரவாரம் அடங்கியது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"யாரும்மா ஜெயிச்சாங்க?" என்று கேட்டார் மேனேஜர்.

"மைசூர் ஜெயிக்கல சார், ஆனா..." என்றேன்.

"குதிரைல."

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். முடிவுக் கம்பத்தைத் தாண்டி, அந்தப் பக்கம், ஒரு கும்பல் குதிரைகளின் வால்கள் தெரிந்தன. ஓடிக்கொண்டிருந்தன. அப்படியானால் இப்போதுதான் கிளம்பியிருக்கின்றன! என் முன்னுரைக்காகக் காத்திருந்து கிளப்பியிருக்கிறார்கள்! எவ்வளவு மரியாதையான மனிதர்கள் என்று மனசுக்குள் வாழ்த்தினேன்.

"பந்தயம் இதோ தொடங்கிவிட்டது!" என்று மைக்கில் முழங்கினேன். முன்னால் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் ஒன்றும் புரிந்திருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஏதோ வண்ணவண்ணமாக ஒரு புயல் கண்ணுக்கு முன்னால் போயிருக்கிறது, அவ்வளவுதான். அது ஒத்திகையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்களாம்.

"வளைவில் நுழைகின்றன. உள்வேலியை ஒட்டி ஓடும் குதிரைக்குத் தூரம் குறைவு என்பதைக் கவனியுங்கள்!"

கவனித்தார்கள். குதிரைகள் ஓட்டத்தைக் குறைத்தன.

"ஜாக்கிகள் குதிரையின் பலத்தைச் சேமிக்கிறார்கள்! இது ஒரு தந்திரம்!"

குதிரைகள் நடக்க ஆரம்பித்தன. தாளைப் பார்த்தேன். நீள்வட்டம், இரண்டு பக்கமும் அம்புக்குறி. வளைவின் முனையில், எல்லாவற்றுக்கும் பின்னால் போய்க்கொண்டிருந்த ஐந்தாம் எண் குதிரை முதலில் நின்றது. நின்று, எங்களை நோக்கித் திரும்பியது. எனக்குச் சட்டென்று விளங்கியது. ஆகா! குதிரைகள் அந்தப் பக்கம் போய், திரும்பி, இந்தப் பக்கம் வர வேண்டும்! அதனால்தான் பிரவீண் இரண்டு பக்கமும் கையை வீசினான்!

"ஐந்தாம் எண் திரும்பிவிட்டது! மற்ற குதிரைகள் இன்னும் திரும்பவே இல்லை! ஐந்து முன்னால்! ஐந்து தனியாக முன்னால்!"

அந்தக் குதிரை மாலை நேரத்தில் பூங்காவில் நடக்கிற பெரியவரைப் போல வந்துகொண்டிருந்தது. ஜாக்கி லகானைத் தளர்த்திவிட்டு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆனால் என் குரலில் இருந்த வேகம் கூட்டத்துக்குள் இறங்கிவிட்டது. "அஞ்சு! அஞ்சு!" என்று கத்த ஆரம்பித்தார்கள். அப்பா கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டினார். அந்த ஜாக்கி எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு பின்னால் திரும்பி, வேறு யாரையாவது கூப்பிடுகிறார்களா என்று பார்த்தான். யாரும் இல்லாததால், தயங்கித் தயங்கி ஒரு கையைத் தூக்கினான்.

"வென்றது ஐந்தாம் எண்!"

சொல்லி வாய் மூடவில்லை, லோகு மாமா டோக்கனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்வரிசையைத் தாண்டிக் குதித்து வந்தார். அன்று அந்த மைதானத்தில் நான் முழுதாகப் பார்த்த ஒரே ஓட்டம் அதுதான். குக்கரைத் தூக்கி அணைத்துக்கொண்டார்.

பிரியாணிப் பொட்டலத்தோடு பிரவீண் வந்து சேர்ந்தபோது, தூரத்தில் இருந்த பெரிய போர்டில் எண்கள் ஏறின. முதலிடத்தில் ஐந்து இல்லை. இரண்டாமிடத்திலும் இல்லை. எங்குமே இல்லை.

"மேடம்... அது கடைசியா வந்த குதிரை" என்றான் பிரவீண். அவன் முகம் மாவு பூசின மாதிரி ஆகியிருந்தது. "கம்பத்தத் தாண்டினதும் ரேஸ் முடிஞ்சுது. அப்பறம் வேகம் கொறைஞ்சு நிக்கும். கடைசில வர்றது மொதல்ல நிக்கும், மொதல்ல திரும்பும். நீங்க சொன்னது அவங்க வீட்டுக்குப் போறத."

"ஆனா ரேஸ் இப்பத்தானே..."

"ஒன்றரை நிமிஷம்கூட ஆகாது மேடம்!"

உண்மையில் ஜெயித்த குதிரையின் டோக்கன் வைத்திருந்த அம்மா ஒருவர் குக்கருக்கு வந்து நின்றார். லோகு மாமா விடவில்லை. "மைக்ல சொல்ட்டாங்க. சொன்னது சொன்னதுதான். இது ஊட்டுக்குப் போவுது. ஒனக்கு வேணும்னா அந்தக் குதிரைய கேட்டு வாங்கிக்கோ." கடைசியில் பிரவீண் இன்னொரு குக்கர் அனுப்புவதாக ஒத்துக்கொண்ட பிறகுதான் அந்த அம்மா நகர்ந்தார். "நாங்களே கூப்பிடறோம் மேடம்" என்று என்னிடம் சொன்னான். இன்றுவரை கூப்பிடவில்லை.

திரும்பும் பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். கத்திப்பாராவிலிருந்து பாடி வரை என்னைப் பற்றித்தான் பேச்சு. யாரோ பின்னாலிருந்து, "அனைவரும் எழுந்து நிற்போம்!" என்றதும் பஸ்ஸே சிரித்தது. இன்னொருவர், "சவரி அண்ணே, ஒங்க பொண்ணு கடைசி குதிரைக்குப் பட்டம் கட்டிடுச்சே!" என்றார். அப்பாவின் பெயர் சவரிமுத்து. எனக்கு அழுகை முட்டியது. வேலை போனதைவிட, அவர் சட்டையின் இஸ்திரி கலைந்திருந்ததைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை.

அம்பத்தூர் நெருங்கும்போது அப்பா எழுந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் திரும்பினார்.

"அந்தக் குதிரைக்கு இதுவரைக்கும் யாராவது கை தட்டியிருப்பீங்களாய்யா? அந்த ஜாக்கிப் பையன் மூஞ்சியப் பாத்தீங்களா? எம் பொண்ணு தட்ட வெச்சா. சாமியார் வாரா வாரம் பிரசங்கத்துல சொல்றாரு, கடைசில வர்றவன மதிக்கணும்னு. எவன் செஞ்சீங்க?"

லோகு மாமா குக்கரை மடியில் வைத்துக்கொண்டு, "கரெக்ட்டுதான் அண்ணாத்தே" என்றார். (அவர் சொல்லாமல் என்ன செய்வார்?) அப்பா உட்கார்ந்ததும் என் பக்கம் குனிந்து, மெல்ல, "ஆனா அடுத்த தடவ கொஞ்சம் திரும்பிப் பாத்துக்கோம்மா" என்றார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

பிறகு ஒரு பள்ளியில் வரலாற்று டீச்சர் ஆனேன். நாற்பது நிமிஷம் பேச விட்டுவிட்டு மணி அடித்து நிறுத்துகிற வேலை எனக்குப் பொருத்தமானதுதான். ஆனால் வீட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை ஓயவில்லை. நான் ஏதாவது சொல்ல ஆரம்பித்து மூன்றாவது வாக்கியத்துக்குப் போனால் போதும், அம்மா அடுப்படியிலிருந்து, "குதிர போயிடும்டி!" என்பாள். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நான் வாயைத் திறக்குமுன் அப்பா அதைச் சொல்ல, மாப்பிள்ளை வீட்டார் வாசலை எட்டிப் பார்த்தார்கள். பிரசவ வார்டில் டாக்டர் "வலி எப்ப ஆரம்பிச்சுது?" என்று கேட்க, நான் போன வாரத்திலிருந்து விளக்கிக்கொண்டிருக்கும்போதே மகள் பிறந்துவிட்டாள். லோகு மாமா அந்தக் குக்கரிலேயே ரசம் சாதம் வைத்து எடுத்துக்கொண்டு வந்து, "இது ஜெயிக்கற குதிர" என்று குழந்தையைப் பார்த்துச் சொன்னார்.

அந்த ஜெயிக்கிற குதிரைக்கு இப்போது ஒன்பது வயது. போன மாதம் சிறுவர் பூசையில் முதல்முறையாக அவளை முன்னுரை வாசிக்கச் சொன்னார்கள். நான் ஒரு வாரம் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவள் மைக் முன்னால் வந்து நின்றாள். தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். "எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு சின்னப் பிள்ளைங்களுக்கான பூசை. அமைதியா கவனிப்போம்" என்றாள். சொல்லிவிட்டு, பின்னால் ஒருமுறை நன்றாகத் திரும்பிப் பூசைப் பீடத்தைப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாமியார் இன்னும் வந்து சேரவில்லை. கோயிலே காத்திருந்தது.

"என்னடி, நான் எழுதின நாலு பக்கம்?" என்று அவள் காதில் கேட்டேன்.

"இது போதும்மா" என்றாள். "குதிர போயிடும்."

எங்களுக்கு முன்வரிசையில் அப்பாவின் தோள்கள் சிரிப்பில் குலுங்கின. பூசை முடிகிறவரை அவர் நிமிரவே இல்லை.